கோலும் வீச்சும்

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிவோனைக் காணாதார் நம்முள் இலர். விடியற்பொழுதில் முழங்காலளவு நீரில் நின்று, வலையை மடித்துக் கையிலும் தோளிலும் ஏந்தி, உடலைச் சற்றே திருப்பி அவன் எறியுங்கால், வலை வட்டமாக விரிந்து தான் கருதிய இடத்திலேயே வீழ்கின்றது. மீன் துள்ளிய இடம் தன் வீச்சுக்கு அப்பாற்பட்டதாயின் அவன் வலையை எறிவதில்லை. நாலடி முன்னே நடந்து, பின்னரே எறிகின்றான். தன் கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவன் அறிவான். என்றோ ஒருநாள் எறிந்த மிக நீண்ட வீச்சை அவன் கணக்கில் வைப்பதில்லை. நாள்தோறும் எறியும் வீச்சையே கணக்கில் வைக்கின்றான்.

இவ்வெளிய அறிவே கோல்ப் ஆட்டத்துக்கும் உயிர்நிலை எனின், அதனைச் செல்வர் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணியிருப்போர் வியப்புறலாம். அவ்வாட்டத்தில் ஒவ்வொரு கோலும் பந்தை எவ்வளவு தூரம் செலுத்தும், ஏன் அவ்வாறு செலுத்தும், அத்தூரத்தை ஆடுவோன் எங்ஙனம் தன்வயப்படுத்தலாம் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைக்கு இவ்வாட்டம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வந்து சேர்ந்தது. கொழும்புக் கோல்ப் கழகம் 1879-ஆம் ஆண்டில் காலிமுகத்திடலில் தோன்றி, 1896-இல் றிட்ஜ்வே திடலுக்குப் பெயர்ந்து, 1928-இல் 'றோயல்' என்னும் அடைமொழியைப் பெற்றது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அத்திடலினூடே செல்வதைப் பயணிகள் கண்டிருப்பர். நுவரெலியாக் கழகம் 1889-இல் நிறுவப்பட்டது. நமது கிழக்கு மாகாணத்தில், திருகோணமலைச் சீனக்குடாவில், விமானப்படையினர் பேணும் 'ஈகிள்ஸ்' திடல் உண்டு. ஆதலின் இவ்வாட்டம் நம் மாணவர் காணவியலாத் தொலைவில் உள்ளதொன்றன்று.

ஆட்டமும் கோல்களும்

ஆட்டத்தின் விதி எளிது. தரையிற் கிடக்கும் சிறு பந்தைக் கோலால் அடித்து, நூறு யார் முதல் ஐந்நூறு யாருக்கு மேலும் தொலைவிலுள்ள குழியில், இயன்றவரை குறைந்த அடிகளில் விழுத்த வேண்டும். யார் என்பது மூன்றடி. மீற்றரினும் சற்றுக் குறைந்தது. பதினெட்டுக் குழிகளுக்கும் எடுத்த அடிகளின் கூட்டுத்தொகையே ஆட்டத்தின் முடிவு. கிரிக்கெற்றில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து எவ்வளவு தாண்டியது என்பது பொருட்டன்று. இங்கோ பத்து யார் மிகுந்தாலும் குற்றம். பத்து யார் குறைந்தாலும் குற்றம்.

ஒருவர் ஓராட்டத்தில் பதினான்கு கோல்களுக்கு மேற் கொண்டுசெல்லலாகாது. இவ்வரம்பை அமெரிக்கச் சங்கம் 1938-இலும், ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் கழகம் 1939-இலும் விதித்தன. கோல்களுள் நீளமானது 'டிறைவர்'. அதன் முகம் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். சாய்வு 10 பாகை அளவினது. இடைப்பட்டவை 'இரும்புகள்' எனப்படும். அவற்றுக்கு இலக்கங்கள் உண்டு. இலக்கம் ஒன்று ஏறுந்தோறும் கோல் அரை அங்குல அளவு குறுகும். முகம் 3 அல்லது 4 பாகை மிகுதியாகச் சாயும். இறுதியில் நிற்பவை 'வெட்ஜ்' என்னும் குறுங்கோல்கள். இவற்றின் சாய்வு 45 பாகைக்கு அண்மையில் தொடங்கி 60 வரை செல்லும். குறுகிய கோலின் தலை மெதுவாகச் செல்லும். சாய்ந்த முகம் பந்தை மேல்நோக்கி எழுப்பும். இவ்விரண்டும் கூடுவதனால், அடுத்தடுத்த இரு கோல்களுக்கிடையே பெரும்பாலும் 10 முதல் 15 யார் வரை வேற்றுமை உண்டாகின்றது.

விபுலாநந்த அடிகளார் 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புக்கும் சுரத்துக்குமுள்ள கணக்கை ஆராய்ந்தமையை நாம் அறிவோம். யாழின் நரம்பு ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய சுரம் உண்டு. வேறு சுரம் வேண்டுமாயின் இசைப்போன் வேறு நரம்பைத் தொடுவானேயன்றி, தொட்ட நரம்பையே வலிந்து இழுப்பானல்லன். கோல்களும் அத்தகையனவே. வேறு தூரம் வேண்டுமாயின் கோலை மாற்றல் வேண்டும். ஓச்சும் வலிமையை மாற்றலாகாது.

தூரம் எங்ஙனம் பிறக்கின்றது?

பந்தின் வீச்சை மூன்று பொருள்கள் நிருணயிக்கின்றன: புறப்படும் வேகம், புறப்படும் கோணம், சுழற்சி. முன்னைய இரண்டையும் உயர்தர வகுப்பு மாணவர் எறியம் பற்றிய பாடத்திற் கற்றிருப்பர். வளியில்லாத வெளியில், வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு கோணத்தின் சைனாற் பெருக்கி, புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் வீச்சு கிடைக்கும்.

இக்கணக்கை மெய்யான பந்துகளின்மேற் செலுத்திப் பார்ப்போம். அமெரிக்கத் தொழின்முறை ஆட்டக்காரரின் அடிகளை ராடர்க் கருவியால் அளந்து வெளியிட்ட சராசரிகள் உள்ளன. அவற்றின்படி, 7-ஆம் இலக்க இரும்பால் அடித்த பந்து மணிக்கு 120 மைல் வேகத்தில், 16.3 பாகைக் கோணத்திற் புறப்படும். 'பிச்சிங் வெட்ஜ்' என்னும் குறுங்கோலால் அடித்த பந்து 102 மைல் வேகத்தில், 24.2 பாகையிற் புறப்படும். மேற்கூறிய சூத்திரத்தால் இவ்விரண்டுக்கும் வீச்சைக் கணித்தால் விடை ஒன்றே: ஏறத்தாழ 173 யார்! வேகக் குறைவைக் கோண மிகுதி ஈடுசெய்து விடுகின்றது. ஆனால் மெய்யான திடலில் 7-ஆம் இலக்கம் 172 யாரும், குறுங்கோல் 136 யாருமே செல்கின்றன. டிறைவரோ இதற்கு நேர்மாறானது. 167 மைல் வேகத்தில் 10.9 பாகையிற் புறப்படும் பந்துக்குச் சூத்திரம் தரும் வீச்சு 231 யார். அது மெய்யாகச் செல்வதோ 275 யார். வளி தடுக்கும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால் வளி இருப்பதனாலேயே ஒரு பந்து கூடுதலாகச் செல்கின்றது என்பது வியப்பன்றோ?

இவ்விடுகதையை அவிழ்ப்பது சுழற்சியாகும். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் இயற்கைத் தத்துவப் பேராசிரியர் பீற்றர் கத்ரி ரெயிற் என்பார் 1890-களில் இதனை ஆராய்ந்தார். பந்தில் நாடாவொன்றைப் பொருத்தி, களிமண்ணுள் அடித்துச் செலுத்தி, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்று செல்வதை நிறுவினார். பின்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்த வளியைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. வளி பந்தை மேல்நோக்கித் தள்ளுகின்றது. தாழ்வாகவும் விரைவாகவும் செல்லும் டிறைவர்ப் பந்தை இவ்வுந்துதல் நெடுநேரம் வானில் நிறுத்தித் தொலைவுக்குக் கொண்டுசெல்லும். முன்பே உயர்ந்து எழும் வெட்ஜ் பந்துக்கோ சுழற்சி மூன்று மடங்குக்கும் மேல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,300 சுற்று. ஆதலின் அது மேலும் உயர எழுந்து, வேகமிழந்து, செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்துக்கு அண்மையிலேயே நின்றுவிடும். எனவே இவ்வாட்டக்காரர் எந்தக் கோலால் அடித்தாலும் பந்து எட்டும் உச்ச உயரம் ஏறத்தாழ 30 யாராகவே இருக்கின்றது, தூரமே வேறுபடுகின்றது.

பந்தின் மேலுள்ள சிறு குழிவுகளும் அணிக்காக அமைந்தவை அல்ல. 1848 அளவில் வழக்குக்கு வந்த கற்றாப்பேர்ச்சாப் பந்துகள் புதிதாக வழுவழுப்பாக இருந்தபோது நன்கு பறக்கவில்லை. அடிபட்டுக் கீறலுற்ற பின்னரே நன்கு பறந்தன. இதனைக் கண்டோர் பந்தின்மேல் வேண்டுமென்றே கீறலிட்டனர். 1905-இல் வில்லியம் ரெயிலர் என்பார் குழிவு வடிவத்துக்கு உரிமை பெற்றார். குழிவுகள் பந்தையொட்டிச் செல்லும் வளியைச் சற்றுக் குழப்பி, அது பந்தை விட்டு விரைவிற் பிரியாதவாறு காக்கின்றன; அதனாற் பந்தின் பின்னே தோன்றும் சுழல் குறுகித் தடையும் குறைகின்றது.

பேராசிரியர் ரெயிற்றின் மகன் பிறெடி ரெயிற் 1896-இலும் 1898-இலும் பிரித்தானிய அமெச்சூர் வாகை சூடிய வீரர். அவர் 1893 சனவரியில் சென்ற் அன்றூஸ் திடலில் அடித்த பந்தொன்று 341 யார் சென்றதாகப் பதிவு உண்டு. ஆனால் அவற்றுள் வான்வழி சென்றது 250 யார் அளவே. எஞ்சியது பனியில் உறைந்து இறுகிய தரையில் உருண்ட தூரம். பறந்த தூரம் வேறு, உருண்ட தூரம் வேறு என்பதை ஆடுவோர் மனத்தில் இருத்தல் வேண்டும். நீர்நிலையையோ மணற்குழியையோ தாண்ட உதவுவது பறந்த தூரமே.

வளியும் காற்றும்

வளியின் துணையினால் தூரம் பிறப்பதாயின், வளி மாறும்போது தூரமும் மாறுதல் இயல்பு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே வளியின் அடர்த்தி நம் கரையோரத்தினும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் அடி உயரத்துக்கு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகத் தூரம் கூடும் என்பது ஆட்டக்காரரின் கணக்கு. ஆகவே கொழும்பில் 150 யார் செல்லும் அடி நுவரெலியாவில் 160 யார் அளவு செல்லலாம். கொழும்புக் கணக்கை மலைக்குக் கொண்டுசெல்வோன் குழியைத் தாண்டி அடிப்பான்; மலைக் கணக்கைக் கரைக்குக் கொண்டுவருவோன் குழிக்கு முன்னே நிற்பான்.

ஈரக்காற்று கனமானது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. நீராவி உலர்ந்த வளியினும் இலேசானது. ஆதலின் புழுக்கம் மிக்க நாளில் வளியின் அடர்த்தி சிறிது குறையவே செய்யும். ஆயின் அவ்வேற்றுமை தூரத்திற் புலப்படாத அளவு சிறியது.

வீசும் காற்றோ அத்தகையதன்று. கச்சான் காற்றை எதிர்த்துக் கல்லடிப் பாலத்தில் ஈருருளி மிதித்தோர் இதனை எளிதில் உணர்வர். மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் எதிர்காற்று ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு தூரத்தைக் கவரும். அதே வேகமுள்ள பின்காற்றோ நூற்றுக்கு ஐந்து அளவே கொடுக்கும். கவர்வது மிகுதி, கொடுப்பது குறைவு. எதிர்காற்றில் ஓங்கி அடிப்பதும் தவறு. ஓங்கி அடித்தாற் சுழற்சி மிகும், சுழற்சி மிகுந்தாற் பந்து உயரும், உயர்ந்த பந்தைக் காற்று மேலும் பின்தள்ளும். நீண்ட கோலை எடுத்து, மென்மையாக ஓச்சுதலே அறிவுடைமை.

சொன்ன தூரமும் சென்ற தூரமும்

இதுகாறும் கூறியவை இயற்கையின் செயல்கள். இனி மனத்தின் செயலைக் கூறல் வேண்டும்.

1971 பெப்ரவரி 6-ஆம் நாள், அப்பலோ 14 விண்கலத்திற் சென்ற அலன் செப்பேட் சந்திரனில் நின்று, கருவியொன்றின் பிடியிற் பொருத்திய 6-ஆம் இலக்க இரும்பால் இரு பந்துகளை அடித்தார். தடித்த விண்ணுடையில் ஒற்றைக் கையாலேயே அவரால் அடிக்க முடிந்தது. பந்து மைல் கணக்காகச் செல்கின்றது என்று அவர் களிப்புடன் கூறியதை உலகம் கேட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2021-இல், பழைய படச்சுருள்களைத் தெளிவாக்கி அளந்து பார்த்தபோது, முதற் பந்து 24 யாரும் இரண்டாவது 40 யாருமே சென்றிருந்தமை தெரியவந்தது. இது அவ்வீரரின் பெருமைக்கு இழுக்கன்று. அடித்தவன் கண்ணுக்குத் தன் பந்து எப்பொழுதும் தொலைவிலேயே தோன்றும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

சான்றுக்குச் சந்திரன் வரை செல்லவும் வேண்டியதில்லை. இதனை எழுதுவோன் கல்லூரியை நீங்கித் தொழில் நிமித்தம் தலைநகரில் வாழ்ந்த காலத்தில் இவ்வாட்டத்தைக் கற்றான். முப்பத்தைந்தாம் வயதில் ஒருநாள் 7-ஆம் இலக்கத்தால் அடித்த பந்து 150 யார் சென்றது. பின்காற்று வீசியது, தரையும் காய்ந்திருந்தது. அவையிரண்டும் மறந்துபோயின, 150 என்னும் எண் மட்டும் நெஞ்சில் நிலைத்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வெண்ணை நம்பிக் கோலெடுத்தான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பந்து குழிக்கு முன்னுள்ள மணலில் வீழ்ந்தது. காற்றைக் குறை கூறினான். புல்லைக் குறை கூறினான். புதுக் கோலும் வாங்கினான். ஒருநாள் உடனாடிய பள்ளித் தோழன் மணலிற் கிடந்த பந்தைக் காட்டி, "மச்சான், நூற்றைம்பது என்று உனக்குத் தெரியும், பந்துக்குச் சொன்னாயா?" என்றான்.

அவ்வாரமே இருவரும் பயிற்சித் திடலுக்குச் சென்றோம். இருபது பந்துகளை நான் அடித்தேன். விழுந்த இடங்களை அவன் அளந்தான். மிக நீண்டது 141 யார். வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்றது 126 யார். அன்று மாலை மனம் சோர்ந்தது உண்மை. அறுபது வயதினன் முப்பத்தைந்து வயதினனின் கையைக் கொண்டு கணக்கிட்டு வந்தான் என்பதை நாடா காட்டிவிட்டது. ஆயின் அடுத்த ஞாயிறு, 150 யார் தொலைவிலுள்ள அதே குழிக்கு 7-ஆம் இலக்கத்தை விடுத்து 4-ஆம் இலக்கத்தை எடுத்தேன். பந்து மணலைத் தாண்டிக் குழியைச் சூழ்ந்த புற்றரையில் இறங்கி நின்றது. நான் முன்னினும் வலியவன் ஆகவில்லை. என்னை அறிந்துகொண்டேன், அவ்வளவே.

கோலின் மேற் பொறித்த இலக்கமும் மயக்கம் தருவதே. அரை நூற்றாண்டுக்கு முன் 7-ஆம் இலக்கத்தின் சாய்வு 38 பாகை அளவாக இருந்தது. இன்று செய்யப்படுவனவற்றுட் பல 30 முதல் 34 பாகை வரையின. தந்தையின் கோலினும் மகனின் கோல் தொலைவுக்குச் செலுத்துமாயின், அது முழுதும் மகனின் வலிமையன்று. அதிற் கொல்லனின் பங்கும் உண்டு.

அளக்கும் முறையும் ஆளும் முறையும்

தன் வீச்சை அறிய விரும்புவோன் செய்யத்தக்கவை சிலவே. காற்றடங்கிய காலை வேளையில், சமமான தரையில், ஒரு கோலால் இருபது பந்துகளை வழக்கமான வேகத்தில் அடித்தல் வேண்டும். உருண்டு நின்ற இடத்தையன்றி, விழுந்த இடத்தை ஒருவர் குறித்தல் வேண்டும். இருபது எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை அக்கோலின் வீச்சாகக் கொள்ளல் வேண்டும். மிகப் பெரிய எண்ணை மறத்தல் நன்று. மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் குறித்தல் வேண்டும்; ஆட்டக்காரரின் தேர்ச்சியைக் காட்டுவது அதுவே. ஒவ்வொரு கோலுக்கும் இவ்வாறு செய்து ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை அவ்வட்டையைப் புதுப்பித்தல் வேண்டும். கை மாறும், உடல் மாறும்.

அறிந்த தூரத்தை ஆள்வதற்கு முதல் வழி, கோலின் முகத்தின் நடுவிற் பந்தைப் படச்செய்தல். நடுவை விட்டு அரை அங்குலம் விலகினும் வேகம் குறைந்து தூரம் சுருங்கும். கடுமையாக ஓச்சுவோன் நிலை தளர்ந்து நடுவைத் தவறவிடுகின்றான். ஆதலின் மிகுதியாக முயன்று குறைவாகப் பெறுகின்றான். இரண்டாவது வழி, இரு கோல்களுக்கிடைப்பட்ட தூரம் வேண்டுமாயின், நீண்ட கோலை எடுத்துப் பிடியைச் சற்றுக் கீழே பற்றுதல். மூன்றாவது, குறுந்தூரத்துக்குக் கையை இடுப்பளவு, நெஞ்சளவு, தோளளவு என மூன்று நிலைகளில் உயர்த்திப் பழகி, ஒவ்வொன்றின் வீச்சையும் தனித்தனியே அளந்து வைத்தல். ஓச்சும் நீளத்தை மாற்றலாம். ஓச்சும் தாளத்தை மாற்றலாகாது.

மாணவர்களே, உங்களுட் பலர் கோல்ப் கோலைத் தொட்டிராமலிருக்கலாம். அதனாற் குறைவில்லை. நம் மைதானத்தில் கிரிக்கெற் பந்தை எறிந்து பாருங்கள், குண்டெறிந்து பாருங்கள். பத்து முறை எறிந்து, தோழன் ஒருவனைக் கொண்டு அளப்பித்து, நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வெண் நீங்கள் எண்ணியிருந்ததிலும் சிறிதாயிருக்கும். எல்லைக்கோட்டிலிருந்து விக்கெற்றை நோக்கி நேரே எறிவதா, இடையில் நிற்பவனுக்கு எறிவதா என்று முடிவு செய்யவேண்டிய கணத்தில், உங்களுக்கு உதவப்போவது அச்சிறிய எண்ணே.

பழைய மாணவர்களுக்குக் கூறவேண்டியது ஒன்றுண்டு. விழாக்காலத்தில் நாம் கூடியிருந்து அன்று அடித்த ஓட்டங்களையும் அன்று ஓடிய ஓட்டங்களையும் பெரிதாக்கிப் பேசி மகிழ்வோம், அதிற் பிழையில்லை. ஆனால் மறுநாட் காலை திடலுக்குச் செல்லும்போது, அன்றைய கையை விட்டுவிட்டு இன்றைய கையைக் கொண்டுசெல்வோமாக. வாவியில் நிற்கும் அம்முதியவனும் இளமையில் இன்னும் தொலைவுக்கு எறிந்தவனே. இன்று இரண்டடி கூடுதலாக நடந்து எறிகின்றான், மீன் அகப்படுகின்றது.